மாறிய காற்றும் நிறுத்தப்படாத பந்தயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நடந்த டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி, காற்று அடிக்கடி திசை மாறியதால் முடிவுகள் தலைகீழாயின என்று ஒரே வரியில் அன்றைய நாளை முடித்துவிட்டது. அதைப் படித்த வாசகர் ஒருவர், காற்று யார் பக்கம் வீசுகிறதோ அவர்தான் வெல்வார் என்றால் இது விளையாட்டா, குலுக்கல் சீட்டா என்று கேட்டு எழுதியிருந்தார். அன்று கடலில் இருந்த 34 படகுகளில் ஒன்றை ஓட்டியவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சரியல்ல. அன்று மூன்று பந்தயங்கள் நடந்தன. மூன்றிலும் காற்று மாறியது. முதல் இரண்டும் நியாயமான பந்தயங்கள். மூன்றாவது பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த மூன்றாவது பந்தயத்தில்தான் நான் மூன்றாவதாக வந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் ஓட்டியது ஐஎல்சிஏ 7 வகைப் படகு. முன்பு லேசர் என்ற பெயரில் அறியப்பட்டது. 4.23 மீட்டர் நீளம், 59 கிலோ எடையுள்ள வெற்றுடல், 7.06 சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பாய், ஓட்டுபவர் ஒருவர். எல்லோருக்கும் ஒரே படகு, ஒரே பாய் என்பதால், வித்தியாசம் ஓட்டுபவரின் உடலிலும் மூளையிலும்தான் இருக்கிறது. எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. அதற்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் போக முடியும். எனவே காற்றுமுகமாக வைக்கப்பட்ட மேல் மிதவையை அடைய, ஒருமுறை வலப்புறமாகவும் ஒருமுறை இடப்புறமாகவும் வளைந்து வளைந்து ஏற வேண்டும். எப்போது திரும்புவது, எந்தப் பக்கம் அதிகம் போவது என்பதைத் தீர்மானிப்பதே பந்தயத்தின் உயிர். காற்று 10 பாகை திரும்பினால், பக்கவாட்டில் 100 மீட்டர் இடைவெளியில் சமமாகப் போய்க்கொண்டிருக்கும் இரண்டு படகுகளில் ஒன்று, எதுவும் செய்யாமலே மற்றதைவிடச் சுமார் 25 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறு படகு நீளம், முன்னால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கணக்கை மனத்துக்குள் ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பவர்தான் நல்ல படகோட்டி. காற்று மாறுகிறதே என்று வருந்துவது, சதுரங்கத்தில் எதிராளி காய் நகர்த்துகிறாரே என்று வருந்துவதைப் போன்றது.

முதல் பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன். அன்று காலைக் காற்று வடக்கே நீண்டிருந்த மேட்டு நிலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தரையின் மேல் உரசி வரும் காற்று ஒரே சீராக இருக்காது. வெயிலில் சூடான காற்று மேலெழ, அதன் இடத்தை நிரப்ப உயரத்திலிருந்து வேகமான காற்று கீழிறங்குகிறது. தரையின் உராய்வு உயரத்தில் இல்லாததால் மேல்காற்றின் திசையும் சற்று வேறாக இருக்கும். அது வீச்சாக இறங்கும்போது தன் திசையையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. அதனால் அன்று காற்று வரும் திசை, வடக்கிலிருந்து வலமாக அளந்தால், 20 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையே, ஆறு முதல் எட்டு நிமிடங்களுக்கு ஒருமுறை, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. ஆடினாலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தொடக்கத்துக்கு முன் அரை மணி நேரம் படகைக் காற்றுமுகமாக நிறுத்தி நிறுத்தித் திசைகாட்டியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒழுங்கு தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் முறை மேலே ஏறும்போது நான் நான்காவது இடத்தில் இருந்தேன். காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு இடதுபுறமாகப் போய்க்கொண்டிருந்தேன். பாயின் முன்விளிம்புக்கு அருகே ஒட்டியிருந்த கம்பளி நூல் முதலில் லேசாகத் துடித்தது, பிறகு மேல்நோக்கி எழுந்து நின்றது. பாயின் விளிம்பு படபடத்தது. சுக்கானைத் தளர்த்தியதும் படகின் முகம் இறங்கி, திசைகாட்டியில் 345 என்று இருந்த எண் 335 ஆனது. காற்று இடப்பக்கம் திரும்பிவிட்டது, உடனே டேக் அடித்து, அதாவது காற்று மறுபக்கம் படும்படி படகைத் திருப்பி, வலப்புறம் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஆனால் எனக்குச் சற்று வலப்புறம், எனக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்த படகு திரும்பவில்லை. அவர் திரும்பாதபோது நான் மட்டும் திரும்பி, அவருக்குப் பின்னால் கடந்து போக மனம் ஒப்பவில்லை. இதோ பழைய திசைக்கு வந்துவிடும் என்று எண்ணி இரண்டு நிமிடம் அப்படியே போனேன். காற்று திரும்பி வந்தபோது, நேரத்தில் டேக் அடித்திருந்தவர்கள் எல்லோரும் வலப்புறத்தில் எனக்கு மேலே இருந்தார்கள். பதினைந்தாவதாக முடித்தேன். பதினொரு இடங்களை இழந்தது என் தவறு. அதற்குக் காற்றின் மேலோ நடத்தியவர்களின் மேலோ எனக்கு ஒரு சொல் குறையும் இல்லை.

இரண்டாவது பந்தயத்தில் நடத்தியவர்கள் செய்ததை மனதாரப் பாராட்ட வேண்டும். தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காற்று இடப்பக்கம் சாய்ந்து, தொடக்கக் கோட்டின் இடது முனை காற்றுமுகமாக வெகுவாக முன்னே போய்விட்டது. படகுகள் எல்லாம் அந்த முனைக்குப் பாய்ந்தன. தொடக்கத்துக்கு நான்கு நிமிடம் முன் தரப்படும் தயார்நிலைச் சமிக்ஞைக்குப் பிறகு கோட்டின் மிதவையை நகர்த்த விதி அனுமதிப்பதில்லை. ஆனால் தொடக்கச் சமிக்ஞைக்கு முன் எந்தக் காரணத்துக்காகவும் பந்தயத்தை ஒத்திவைக்கலாம். சிவப்பும் வெள்ளையும் பட்டைகளாக மாறி மாறி வரும் ஒத்திவைப்புக் கொடி ஏறி, இரண்டு ஒலிகள் கேட்டன. கோட்டைச் சீர்செய்து இருபது நிமிடம் கழித்துத் தொடங்கினார்கள். நான் பன்னிரண்டாவதாக வந்தேன். என் ஓட்டத்துக்கு அதுவே தகுந்த இடம்.

அந்த நிதானம் மூன்றாவது பந்தயத்தில் இல்லாமற்போனதுதான் என் வருத்தம்.

நண்பகலைத் தாண்டியதும் கரைக்கு மேல் வெண்பஞ்சு மேகங்கள் குவியத் தொடங்கின. கடலோரத்தில் படகு ஓட்டுபவர் எவருக்கும் அதன் பொருள் தெரியும். நிலம் சூடேறி, அதன் மேல் உள்ள காற்று எழும்பி, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரப்போகிறது. கிழக்கே திறந்த கடல். அதுவரை வாடையாக வீசிக்கொண்டிருந்த காற்று கொண்டலாகத் திரும்பப்போகிறது என்பதை யாரும் ஊகிக்கலாம். திசைகாட்டியும் அதையே சொன்னது. காலையில் காற்று வலப்பக்கம் போனால் திரும்பி வரும். இப்போது 33, பிறகு 38, பிறகு 42 என்று போனது திரும்பவேயில்லை. ஊஞ்சலாக ஆடும் காற்று ஒன்று, ஒரே பக்கமாகப் பெயர்ந்துகொண்டே போகும் காற்று வேறொன்று. முதலாவதில் பந்தயம் நடத்தலாம். இரண்டாவதில், அது நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். பந்தயம் நடத்துவோருக்கான முதல் பாடங்களில் ஒன்று இது.

காத்திருக்க முடியாததற்கும் காரணம் இருந்தது. போட்டி அறிவுறுத்தல்களின்படி அன்று மாலை 3 மணிக்குப் பிறகு புதிய பந்தயம் எதற்கும், தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன் தரப்படும் எச்சரிக்கைச் சமிக்ஞையைக் கொடுக்க முடியாது. மணி 2.30 ஆகியிருந்தது. நீரில் காத்திருந்த படகுகளிலிருந்தும் தொடங்குங்கள், தொடங்குங்கள் என்ற குரல்கள் எழுந்தன. அவற்றில் என் குரலும் ஒன்று. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். பாதையை 35 பாகைக்கு அமைத்து, 2.41-க்கு எச்சரிக்கைச் சமிக்ஞை கொடுத்து, 2.46-க்குத் தொடங்கினார்கள். அந்த நெருக்கடியில் தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் தொடக்கம் படுமோசமானது. வலது முனையில் குவிந்த கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் சிக்கிக்கொண்டேன். முன்னால் இருந்த பாய்களின் நிழலில் எனக்குக் காற்றே இல்லை. தப்பிக்க ஒரே வழி, உடனே டேக் அடித்து வலப்புறம் ஓடுவது. அதைச் செய்தேன். அதில் திட்டம் எதுவும் இல்லை, மூச்சுத் திணறியவன் கதவைத் திறப்பதைப் போலத்தான். நான்கு நிமிடத்தில் காற்று 60 பாகைக்குப் போனது, இன்னும் சில நிமிடத்தில் 80. நான் மீண்டும் டேக் அடித்தபோது, மேல் மிதவை என் படகின் முகத்துக்கு நேரே இருந்தது. இனி வளைந்து ஏற வேண்டியதில்லை. பாயைச் சற்றுத் தளர்த்தி நேராகப் போனால் போதும். இடப்புறம் திரும்பிப் பார்த்தேன். முதல் இரண்டு பந்தயங்களில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்திருந்தவர், கோட்டின் நடுவிலிருந்து துல்லியமாகத் தொடங்கி, தெளிந்த காற்றில் எல்லோரையும் முந்திக்கொண்டு போனவர், இப்போது வெகு கீழே, இடது ஓரத்தில் இருந்தார். அவருடைய பாய் சரியாக இழுக்கப்பட்டு, படகு சற்றும் சாயாமல் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போய்ச் சேர இடம் இல்லை. இருபத்தேழாவதாக வந்தார்.

கடற்காற்றை முன்கூட்டியே ஊகித்து வலப்புறம் போனவர் இருவர் மூவர் இருக்கலாம், அவர்களுக்கு அந்தப் பலன் உரியதுதானே என்று கேட்கலாம். உரியதுதான். நிலையாகப் பெயரும் காற்றை முன்னறிவதும் ஒரு திறமையே. 10 பாகை, 15 பாகை பெயர்ந்தால் அந்தத் திறமைக்குப் பரிசு கிடைப்பது நியாயம். ஆனால் 45 பாகை திரும்பிவிட்டால் எதிர்க்காற்றில் ஏறும் கட்டம் என்பதே அழிந்துபோகிறது. தீர்மானம் எடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் யார் எங்கே இருந்தார்களோ அதுவே முடிவு. அதன் பிறகு மேல் மிதவையிலிருந்து கீழ் மிதவைக்கும், அங்கிருந்து மறுபடி மேலேயும், ஒருவர் பின் ஒருவராக ஊர்வலம் போனோம். அந்த ஊர்வலத்தில் மூன்றாவது ஆளாக நான் போனேன்.

இங்கே விதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் செய்தியைப் படிப்பவருக்கு, காற்று திரும்பிவிட்டால் நடத்துபவர்கள் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணமே வரும். உண்மை அப்படி இல்லை. உலகப் பாய்மர அமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் பந்தய விதிகளில், 33-ஆம் விதி, மிதவை ஒன்றைச் சுற்றித் தொடங்கும் எந்தக் கட்டத்தையும் 'சி' கொடி காட்டி மாற்றியமைக்க இடம் தருகிறது. முதல் கட்டம் தொடக்கக் கோட்டிலிருந்து புறப்படுவதால் அதற்கு இது பொருந்தாது. ஒருமுறை தொடங்கிவிட்டால் முதல் மிதவை வைத்த இடத்தில் வைத்ததுதான். ஆகவே முதல் கட்டம் சிதைந்தால் இருக்கும் ஒரே மருந்து 32-ஆம் விதி. மோசமான வானிலை, போதாத காற்று, மிதவை இடம் பெயர்தல் ஆகியவற்றோடு, போட்டியின் பாதுகாப்பையோ நியாயத்தையோ நேரடியாகப் பாதிக்கும் வேறு எந்தக் காரணத்துக்காகவும் பந்தயத்தைக் கைவிடலாம் என்கிறது அது. நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாக உள்ள 'என்' கொடியை ஏற்றி மூன்று ஒலி கொடுத்தால் போதும். முதல் படகு பந்தயத்தை முடித்துவிட்ட பிறகோ, எல்லாப் படகுகளுக்கும் ஏற்படும் விளைவை எண்ணிப் பார்க்காமல் கைவிடக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. எனவே முடிவெடுக்க உரிய நேரம் அந்த முதல் பத்து நிமிடங்கள்தான். அந்தக் கொடி ஏறவில்லை. கைவிடலாம் என்று விதி சொல்கிறதே தவிர, கைவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே பாதிக்கப்பட்டவர் நிவாரணம் கேட்டு நடுவர் குழுவிடம் போனாலும் வழக்கு நிற்பது கடினம். அவர் போகவும் இல்லை.

இதன் விளைவைப் புள்ளியில் பாருங்கள். எங்கள் விளையாட்டில் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2 என்று ஏறும். குறைந்த புள்ளி பெற்றவர் வெற்றி பெறுவார். மூன்றே பந்தயங்கள் என்பதால் மோசமான ஒன்றைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இருபத்தேழாவதாக வந்த அவருக்கு 1, 2, 27, மொத்தம் 30. எனக்கு 15, 12, 3, மொத்தம் அதே 30. ஒருவரது சிறந்த இடத்தை வைத்துச் சமநிலையை உடைக்கும் விதி இருப்பதால் பட்டியலில் அவர் எனக்கு ஒரு வரி மேலே நின்றார். அன்று முழுவதும் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஓட்டிய ஒருவரும், ஒரு பந்தயத்தைத் தானே தோற்று, இன்னொன்றில் சுமாராக ஓட்டி, மூன்றாவதில் மோசமான தொடக்கத்தால் தற்செயலாக வலப்புறம் போன ஒருவரும் ஒரே புள்ளியில் நிற்கும் பட்டியலை யார் நியாயம் என்பார்கள்? மூன்றாவது பந்தயத்தைக் கைவிட்டிருந்தால் இரண்டு பந்தயங்களோடு போட்டி முடிந்திருக்கும். அவருக்கு 3, எனக்கு 27. அது உண்மையான கணக்கு.

இரண்டே பந்தயங்களில் முடிவு அறிவித்தால் வந்தவர்கள் ஏமாந்து போவார்கள் என்ற அச்சம் நடத்துபவர்களுக்கு இருந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது. வெயிலில் காலையிலிருந்து கமிட்டி படகில் நின்று, ஒரு நன்றியும் எதிர்பார்க்காமல் உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் மிகப் பெரிய மேடையிலேயே காத்திருப்பது நடக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செய் கடலில் நடந்தபோது, நாங்கள் ஓட்டும் இதே ஐஎல்சிஏ படகுகளின் பதக்கப் பந்தயங்கள், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தகுந்த காற்று இல்லாததால் ஆகஸ்ட் 6-ஆம் தேதியிலிருந்து 7-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. பதக்கத்துக்காக நான்கு ஆண்டுகள் உழைத்தவர்கள் ஒரு நாள் காத்திருந்தார்கள். அதனால் யாருக்கும் குறைவு வந்துவிடவில்லை.

தங்கள் மூலமாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, போட்டி நடத்துவோருக்கு. தொடக்கத்துக்கு முன்னும் பந்தயத்தின் நடுவிலும் நீங்கள் குறித்துவைக்கும் காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை முடிவுப் பட்டியலோடு சேர்த்துக் கரையில் ஒட்டிவையுங்கள். முதல் கட்டத்தில் காற்று எத்தனை பாகைக்கு மேல் பெயர்ந்து நின்றால் பந்தயத்தைக் கைவிடுவது உங்கள் வழக்கம் என்பதைக் காலைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்போது தொடங்குங்கள் என்று கத்தும் என்னைப் போன்றவர்களின் குரலுக்கு நீங்கள் செவிசாய்க்க வேண்டியிராது. இரண்டாவது வேண்டுகோள் தங்கள் விளையாட்டுப் பகுதிக்கு. இனி இத்தகைய போட்டிகளைப் பற்றி எழுதும்போது, காற்று மாறியது என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பந்தயத்தில், எவ்வளவு மாறியது, அப்போது என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குலுக்கல் சீட்டா என்று கேட்ட வாசகருக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால், முதல் பந்தயத்தில் நான் தோற்றதற்கும் மூன்றாவதில் இருபத்தேழாவதாக வந்தவர் தோற்றதற்கும் உள்ள வேறுபாடு அந்த வாசகருக்கே விளங்கியிருக்கும்.

மாலை மூன்றரை மணி அளவில் கடற்காற்று 80 பாகையில் நிலைகொண்டு, சற்றும் ஆடாமல் வீசத் தொடங்கியது. கடல் முழுவதும் ஒரே நிறத்தில் கருத்து, சீரான சிற்றலைகளோடு இருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் பாய்களைச் சுருட்டி, படகுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரையில் இழுத்துக்கொண்டிருந்தோம். இருபத்தேழாவதாக வந்தவர் தன் படகைக் கழுவியபடி, அந்தக் காற்று கடலிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்படிக்கு,
அன்று மூன்றாவது பந்தயத்தில் மூன்றாவதாக வந்த படகோட்டி